துணைக்கு ஓடியவர்கள்

நம் சங்க மலரில் சரித்திரக் கட்டுரை என்றால் வழக்கமாகக் கல்லூரி தொடங்கிய கதை, கட்டடம் கட்டிக்கொடுத்த வள்ளல், கோப்பை வாங்கி வந்த அணி என்றுதான் இருக்கும். இந்த முறை கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பந்தயத்தில் ஓடியும் ஜெயிக்காதவர்கள், ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கவே நினைக்காதவர்கள் சிலருடைய சரித்திரம் இது. அவர்கள் இல்லாவிட்டால் ஜெயித்தவர்களில் பலர் ஜெயித்திருக்க மாட்டார்கள். அதற்காகவாவது இதை எழுதி வைக்க வேண்டும்.

இப்போதெல்லாம் சென்னை, கோவை என்று எந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மாரத்தான் நடந்தாலும் இவர்களைப் பார்க்கலாம். கூட்டத்தின் நடுவே ஒருவர் ஒரு சின்னக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கொடியில் 2:30 என்று எழுதியிருக்கும். 'அரை மாரத்தானை, அதாவது 21.1 கிலோமீட்டரை, நான் சரியாக இரண்டரை மணி நேரத்தில் முடிப்பேன். நம்புகிறவர்கள் என் பின்னால் வாருங்கள்' என்று அர்த்தம். இவருக்குப் பெயர் 'பேசர்'. வேகம் பிடித்துக் கொடுப்பவர். இதைப் 'பேசுபவர்' என்று நம் தமிழில் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. பாதி தூரம் பேசிக்கொண்டேதான் அவர் ஓட வேண்டியிருக்கும்.

சில வருஷங்களாக நானும் இந்த வேலையைச் செய்து வருகிறேன். சம்பளம் கிடையாது. ஒரு பனியனும் ஒரு வாழைப்பழமும் உண்டு! ஒரு நாள் ஓட்டம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "அங்கிள், இது சீட்டிங் இல்லையா? வேகத்தை நீங்க பார்த்துக்கிறீங்க, வாட்சை நீங்க பார்த்துக்கிறீங்க. அப்புறம் ஓடினது அவங்களா, நீங்களா?"

பையன் கேட்டதில் தப்பே இல்லை. இதே கேள்வியை 1953-ல் இங்கிலாந்தின் தடகள அதிகாரிகளே கேட்டிருக்கிறார்கள்.

ரெகார்டு செல்லாது!

அந்தக் காலத்தில் ஒரு மைல் தூரத்தை நாலு நிமிஷத்துக்குள் ஓடுவது பெரிய கனவு. 1945-ல் ஸ்வீடன் வீரர் குந்தர் ஹேக் 4 நிமிஷம் 1.4 விநாடியில் ஓடினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒன்பது வருஷம் யாராலும் அதைத் தாண்ட முடியவில்லை.

லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ரோஜர் பானிஸ்டர் அந்தக் கனவைத் துரத்தினார். ஓட்டத்தால் ஒரு காசு வருமானம் கிடையாது, சுத்தமான அமெச்சூர். 1953 ஜூன் 27 அன்று மோட்ஸ்பர் பார்க் மைதானத்தில் மூன்றே பேர் ஓடிய ஒரு பந்தயம் நடந்தது. ஆஸ்திரேலியாவின் டான் மக்மில்லன் முன்னால் போய் வேகம் பிடித்துக் கொடுத்தார். கிறிஸ் பிராஷர் என்ற நண்பரோ வேண்டுமென்றே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தார். பானிஸ்டர் ஒரு முழுச் சுற்று முந்தி வந்து அவரை எட்டியதும், அதுவரை களைக்காத காலோடு கடைசிப் பகுதிக்குத் துணையாக ஓடினார். நேரம் 4 நிமிஷம் 2 விநாடி.

பிரிட்டிஷ் அமெச்சூர் தடகள வாரியம் அதை ரெகார்டாக ஏற்கவில்லை. இது உண்மையான போட்டியே இல்லை என்று சொல்லிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. பந்தயத்தில் நிற்கிறவன் பந்தயத்தை ஓட வேண்டும். ஒரு சுற்றுப் பின்தங்கிக் காத்திருப்பவன் போட்டியாளன் ஆக மாட்டான். இன்றைக்கும் ஒரு சுற்றுப் பின்தங்கியவர் வேகம் பிடித்துக் கொடுக்க விதியில் இடமில்லை.

மூன்று பழைய மாணவர்கள்

பானிஸ்டர் பாடம் கற்றுக்கொண்டார். அந்தக் குளிர்காலத்தில் அவர் செய்த பயிற்சி மிக எளிமையானது. மதிய உணவு இடைவேளையில் மைதானத்துக்குப் போவார். 440 கஜம் ஓடுவார், இரண்டு நிமிஷம் ஓய்வு, மறுபடி 440 கஜம். இப்படிப் பத்து முறை. 1953 டிசம்பரில் ஒரு சுற்றுக்கு 66 விநாடி ஆனது. ஏப்ரலில் 61-க்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. என்ன முயன்றும் 60-க்குக் கீழே போகவில்லை. பிராஷரோடு ஸ்காட்லாந்து மலைப்பக்கம் போய்ச் சில நாள் பாறை ஏறிவிட்டு வந்தார். வந்து ஓடினால் 59! ஓய்வும் பயிற்சிதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1954 மே 6, வியாழக்கிழமை. ஆக்ஸ்போர்டின் இஃப்லி ரோடு மைதானம். பல்கலைக்கழக அணிக்கும் அமெச்சூர் தடகளச் சங்க அணிக்கும் போட்டி. நம் மலருக்குப் பொருத்தமான ஒரு விஷயம்: பானிஸ்டர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். சங்க அணிக்காகத் தன் பல்கலைக்கழகத்தையே எதிர்த்து ஓடினார். துணைக்கு வந்த கிறிஸ் சாட்டவேயும் ஆக்ஸ்போர்டு, பிராஷர் கேம்பிரிட்ஜ்.

அன்று காற்று பலமாக அடித்தது. ஓட்டத்தை ஒத்திப்போடலாமா என்று பானிஸ்டர் கடைசிவரை யோசித்தார். துப்பாக்கி வெடிக்கச் சற்று முன்னால்தான் காற்று தணிந்தது. முதலில் பாய்ந்தவர் பிராஷர். அரைச் சுற்றுப் போவதற்குள் பானிஸ்டருக்குப் படபடப்பு. மெதுவாகப் போகிறோமோ என்று சந்தேகம். "இன்னும் வேகம்!" என்று பின்னாலிருந்து கத்தினார். பிராஷர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தான் பிடித்த வேகத்திலேயே போனார். முதல் சுற்று முடிந்தபோது 57.5 விநாடி. வேகம் ஏற்கெனவே தாராளமாக இருந்தது! அந்தக் கூச்சலைக் கேட்டு இன்னும் கூட்டியிருந்தால் கடைசிச் சுற்றில் பானிஸ்டர் தள்ளாடியிருப்பார்.

மூன்றாவது சுற்றில் பிராஷர் களைக்க, சாட்டவே முன்னால் வந்தார். கடைசிச் சுற்றில் பானிஸ்டர் அவரைத் தாண்டிப் போய் நாடாவில் விழுந்தார். 3 நிமிஷம் 59.4 விநாடி. இந்த முறை ரெகார்டு ஏற்கப்பட்டது. துணைக்கு வந்த இருவரும் எல்லாரோடும் சேர்ந்து புறப்பட்டு, எல்லாரையும் போல ஓடியவர்கள். சாட்டவே இரண்டாவதாகவே வந்தார்.

இதில் துணைக்கு ஓடுகிறவனுடைய தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பின்னால் வருகிறவன் பதறும்போது தான் பதறக் கூடாது. அவன் கேட்பதைக் கொடுக்காமல், அவனுக்குத் தேவையானதைக் கொடுக்க வேண்டும்.

பானிஸ்டரின் ரெகார்டு 46 நாள்தான் நின்றது. ஆஸ்திரேலியாவின் ஜான் லேண்டி தன் நாட்டில் பெரும்பாலும் தனியாகவே முன்னால் ஓடிப் பல முறை 4 நிமிஷம் 2 விநாடி அருகிலேயே முட்டி நின்றவர். 1954 ஜூன் 21-ல் பின்லாந்தின் துர்க்கு நகரில் அவர் ஓடியபோது, பின்னாலேயே துரத்தி வந்தவர் அதே சாட்டவே. லேண்டி நாலு நிமிஷத்தை உடைத்து, பானிஸ்டரையும் தாண்டிவிட்டார். முன்னால் போனாலும் பின்னால் துரத்தினாலும் துணை துணைதான்.

தபால்காரர் ஆர்னி

இதுவரை சொன்னது மேதைகளின் கதை. சாதாரண ஆள் ஒருவர் சாதாரண ஆளுக்குத் துணையாக ஓடிய கதைக்கு அமெரிக்கா போக வேண்டும். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கடிதம் பட்டுவாடா செய்தவர் ஆர்னி பிரிக்ஸ். வயது ஐம்பது. பாஸ்டன் மாரத்தானைப் பதினைந்து முறை ஓடியவர். அங்கே பத்திரிகைத் துறையில் படித்த கேத்ரின் ஸ்விட்சர் என்ற மாணவிக்குத் துணையாகப் பனி கொட்டும் சாலைகளில் மாலை தோறும் ஓடினார். ஓடும்போதெல்லாம் பாஸ்டன் கதைதான். "நானும் அதை ஓடுறேன்" என்று அந்தப் பெண் சொன்னபோது அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பெண்களால் அவ்வளவு தூரம் முடியாது என்பது அந்தக் கால நம்பிக்கை. பயிற்சியில் ஓடிக் காட்டினால் நானே கூட்டிப்போகிறேன் என்றார். மாரத்தான் 26 மைல் சொச்சம். அந்தப் பெண் அவரோடு 31 மைல் ஓடிக் காட்டினார். கடைசியில் திணறியவர் ஆர்னிதான்!

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1967 ஏப்ரல் 19 அன்று 261-ஆம் எண்ணை மாட்டிக்கொண்டு ஸ்விட்சர் ஓட, பக்கத்திலேயே ஆர்னி ஓடினார். வழியில் பந்தய அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்ததும், கூட ஓடிய ஸ்விட்சரின் நண்பர் அவரைத் தள்ளிவிட்டதும் உலகம் முழுக்கப் படமாக வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் பிடுங்கியவரையும் தள்ளியவரையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்கக் கூட ஓடிய தபால்காரரை யாருக்கும் ஞாபகமில்லை. ஸ்விட்சர் ஏறக்குறைய 4 மணி 20 நிமிஷத்தில் முடித்தார். 1972-ல் பாஸ்டன் பந்தயம் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது.

பிராஷரின் இன்னொரு ஓட்டம்

பிராஷர் என்ன ஆனார்? 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் தங்கமே வாங்கினார். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றை இருபத்தைந்து வருஷம் கழித்துச் செய்தார். 1979-ல் நியூயார்க் மாரத்தானில் ஓடிய அவர், ஊரே தெருவுக்கு வந்து முன்பின் தெரியாதவர்களை உற்சாகப்படுத்துவதைப் பார்த்து அசந்துபோனார். நம் ஊரில் இது நடக்குமா என்று கேட்டு எழுதினார். நண்பர் ஜான் டிஸ்லியோடு சேர்ந்து நடத்தியும் காட்டினார். 1981 மார்ச் 29-ல் முதல் லண்டன் மாரத்தான். 6,255 பேர் ஓடி முடித்தார்கள்.

அன்று முன்னணியில் வந்த அமெரிக்கர் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேக்காரர் இங்கே சிமன்சனும் கையைக் கோத்துக்கொண்டு ஒன்றாக எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள். ஒருவருடைய ரெகார்டுக்காக இரண்டரைச் சுற்று முன்னால் ஓடிக்கொடுத்தவர், ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுவதற்குச் சாலையையே திறந்துவிட்டார். முன்னேர் போன வழியே பின்னேர் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தானே!

டர்பன் பஸ்

சாதாரண ஓட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் துணையாக ஓடுவதை ஒரு கலையாகவே ஆக்கியது தென்னாப்பிரிக்கா. முதல் உலகப் போரில் இறந்த தோழர்கள் நினைவாக விக் கிளாபம் என்பவர் 1921-ல் காம்ரேட்ஸ் மாரத்தானைத் தொடங்கினார். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் மலைப்பாதை. முதல் வருஷம் புறப்பட்டவர்கள் 34 பேர். முடித்தவர்கள் 16 பேர்.

இந்த இரண்டு ஊரும் நமக்கு அந்நியமில்லை. 1860-ல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' கப்பல் போய்ச் சேர்ந்தது டர்பனில். 1893-ல் காந்தியடிகளை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில். அந்த நிறவெறி ஓட்டத்தையும் விடவில்லை. கறுப்பர்களும் பெண்களும் முறைப்படி காம்ரேட்ஸில் ஓட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைக்கு அதே பாதையில் எல்லா நிறத்தவரும் ஒரே கூட்டமாக ஓடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் 'பஸ்'. அனுபவசாலி ஒருவர் 'டிரைவர்'. எந்த மேட்டில் நடக்க வேண்டும், எங்கே ஓட வேண்டும், எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவர் சொல்வார். கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டே பின்னால் வரும். பந்தயத்துக்கு நேர வரம்பு பன்னிரண்டு மணி நேரம். வரம்பு முடியும்போது எல்லைக் கோட்டில் ஒருவர் ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். ஒரு விநாடி தாமதமானாலும் பதக்கம் கிடையாது. அந்த வெடிச் சத்தத்துக்கு முன்னால் எத்தனை பேரை உள்ளே கொண்டுவந்து சேர்த்தோம் என்பதுதான் கடைசி பஸ் டிரைவரின் கணக்கு. நம் ஊர் ஓட்டக்காரர்களும் பேசர் பின்னால் வரும் கூட்டத்தை 'பஸ்' என்று சொல்வதுண்டு.

நாற்பத்தொரு துணைவர்கள்

பெரிய வீரர்கள் உலகத்தில் துணை ஓட்டம் இப்போது எங்கோ போய்விட்டது. 2019 அக்டோபர் 12-ல் வியன்னாவில் கென்யாவின் எலியுட் கிப்சோகே 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில் ஓடினார். காற்றைத் தடுத்து முறைவைத்துத் துணை ஓடியவர்கள் 41 பேர். மாறி மாறி வந்த அத்தனை துணைக்கும் விதியில் இடமில்லை. உலக ரெகார்டாக அது சேரவில்லை. 1953-ல் கேட்ட கேள்வியும் அதற்குக் கிடைத்த பதிலும் 66 வருஷம் கழித்தும் மாறவில்லை. ஆனால் மனிதக் கால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்தத் தூரத்தைக் கடக்கும் என்று அன்று தெரிந்துவிட்டது. அது தெரிந்தது துணையால்தான்.

ரெகார்டு புத்தகத்தில் இடம் வேண்டும் என்றால் விதி பார்க்கத்தான் வேண்டும். ஊர் ஓட்டத்தில் ரெகார்டு ஏது? அங்கே ஓடுகிறவருக்கு எதிராளி அவருடைய பழைய சோம்பல் மட்டும்தான். 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய சனிக்கிழமை 5 கிலோமீட்டர் ஓட்டம், 'பார்க்ரன்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. கட்டணம் கிடையாது, பரிசும் கிடையாது. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு தொண்டர் வருவார். அதனால் ஓட வந்தவர் யாரும் கடைசி ஆள் ஆவதில்லை! அதே 2004 பிப்ரவரியில்தான் மும்பை மாரத்தானும் தொடங்கியது. இந்தியாவில் ஆபீஸ் போகிறவர்களும் இல்லத்தரசிகளும் விடியற்காலையில் ஷூ மாட்டத் தொடங்கிய காலம் அது.

கணக்கும் கட்டுப்பாடும்

பேசர் வேலை சுலபம் என்று நினைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. 21.1 கிலோமீட்டரை இரண்டரை மணியில் முடிக்க, கிலோமீட்டருக்கு 7 நிமிஷம் 6 விநாடி. ஆனால் பாதையை அளப்பவர்கள் வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். கூட்டத்தில் ஓடுகிறவர் அப்படி ஓட முடியாது. கை வாட்ச் கடைசியில் 21.3 என்றுகூடக் காட்டும். தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் விநாடிகள் வேறு. ஆகவே வாட்சில் 7 நிமிஷத்தை ஒட்டியே போக வேண்டும்.

இதை எந்தச் சிரமமும் இல்லாமல் செய்ய வேண்டும் என்றால், பேசர் தனியாக ஓடினால் அதைவிடக் குறைந்தது இருபது முப்பது நிமிஷம் முன்னதாக முடிக்கக்கூடியவராக இருக்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சி. வாரத்தில் நாலு நாள் ஓட்டம். அதில் ஒரு நாள் பானிஸ்டர் மாதிரி மைதானத்தில் சுற்றுச் சுற்றாக வேகப் பயிற்சி. ஞாயிறன்று நீண்ட ஓட்டம். மற்ற நாள்களில் பேச்சு நிற்காத வேகம். வாய் விட்டு ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இதற்கு எந்த மெஷினும் வேண்டாம்.

பந்தய நாளில் சோதனை முதல் ஐந்து கிலோமீட்டரில்தான். இருட்டு, குளிர்ச்சி, மேளச் சத்தம். எல்லாரும் பறப்பார்கள். "சார், நம்மளைத் தாண்டி எல்லாரும் போறாங்களே!" என்பார் பின்னால் வருகிற பெண்மணி. "போகட்டும்மா, பதினஞ்சாவது கிலோமீட்டர்ல பார்ப்போம்" என்பேன். ஆரம்பத்தில் பறந்தால் தசையில் சேர்த்து வைத்த சக்தி சீக்கிரம் கரையும். சென்னைப் புழுக்கத்தில் ஏழு மணி வெயில் வேறு ஏறும். பதினைந்தாவது கிலோமீட்டரில் பறந்தவர்கள் பலர் நடந்துகொண்டிருப்பார்கள். அப்போது அந்தப் பெண்மணி என்னைக் கேட்பதில்லை, தானே சிரித்துக்கொள்வார். கடைசி ஒரு கிலோமீட்டரில் "இனி நீங்க போங்க, எனக்காக நிக்காதீங்க" என்று முன்னால் அனுப்பிவிடுவது வழக்கம். அவர் என்னைத் தாண்டிப் போய் முடித்தால்தான் என் வேலை சரியாக நடந்தது என்று பொருள்.

அந்த மாணவருக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, இருபத்தோரு கிலோமீட்டரில் ஓர் அடிகூட அவங்களுக்காக நான் வைக்க முடியாது. அவங்க கால், அவங்க மூச்சு. நான் கொடுத்தது நிதானம் மட்டும்தான். அதைக் கடன் வாங்கலாம், தப்பில்லை."

மாணவச் செல்வங்களுக்கும் மூத்தவர்களுக்கும்

இது ஓட்டத்துக்கு மட்டும் பொருந்துவதில்லை என்பதை மலர் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரீட்சைக்குப் போகிறவனுக்கும், முதல் வேலைக்குப் போகிறவனுக்கும், கிராமத்திலிருந்து வந்து ஆங்கில வகுப்பில் திருதிருவென விழிக்கிறவனுக்கும் முதல் ஐந்து கிலோமீட்டர்தான் ஆபத்து. அப்போது தேவைப்படுவது சிபாரிசுக் கடிதம் இல்லை. அதே பாதையில் முன்பே போன ஒருவர், தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கொஞ்ச தூரம் பக்கத்தில் வர வேண்டும்.

மூத்தவர்களே, நம்மில் பலர் வேகமாக ஓடி எங்கெங்கோ போய்விட்டோம். நல்லதுதான். நாம் அறையில் உட்கார்ந்து காசோலை எழுதிக் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் வருஷத்தில் ஒரு மாணவனோடு, ஒரு மாணவியோடு, அவர்கள் வேகத்தில் கூடப் போவது வேறு காரியம். அதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். மாணவர்களே, வயதானவர்கள் மெதுவாகப் போகிறார்களே என்று தாண்டிப் போங்கள், கோபிக்க மாட்டோம். போகும் வழியில் பின்னால் ஒருவன் தடுமாறினால் மட்டும் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள்.

சங்கக் கூட்டத்தன்று காலை ஆறு மணிக்குக் கல்லூரி மைதானத்தில் இருப்பேன். நடக்கிறவர்களும் வரலாம். யார் எந்த வேகத்தில் வந்தாலும் கூட வருவதற்கு ஆள் உண்டு.